தொப்பூர் இறக்கத்தில் நின்றுவிட்ட லாரியை லைடார் எத்தனை மீட்டருக்கு முன்னால் காணும்?

பாலக்கோடு_மாணவர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தர்மபுரி மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் மின்னணுத் துறையில் இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டில் லாரி ஓட்டுவதுதான் பிழைப்பு. அப்பாவும் சித்தப்பாவும் ஓசூரில் சரக்கு ஏற்றிக்கொண்டு தேசிய நெடுஞ்சாலை 44 வழியாகச் சேலம், நாமக்கல், மதுரை என்று போய்வருகிறவர்கள். அவர்கள் இரவில் போகும் நாட்களில், தர்மபுரிக்கும் சேலத்துக்கும் இடையே உள்ள தொப்பூர் மலை இறக்கத்தில் இரட்டைப் பாலத்தைத் தாண்டிவிட்டோம் என்று போன் வரும்வரை அம்மா படுக்க மாட்டார்.

ஆகவே இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு, தானோட்டி வாகனங்களில் பயன்படும் லைடார் உணரியை லாரியின் முகப்பில் பொருத்தி, முன்னால் நின்றுபோன வாகனம் இருந்தால் ஓட்டுநரை எச்சரிக்கும் கருவியைச் செய்யலாம் என்று நானும் என் நண்பர்களும் முடிவுசெய்திருக்கிறோம். வாகனத்தைத் தானே ஓட்டவைக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. எச்சரிக்கை ஒலி மட்டும் போதும்.

லைடாரின் அடிப்படை எனக்குப் புரிகிறது. லேசர் துடிப்பு ஒன்று புறப்பட்டுப் பொருளில் பட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடுகிறார்கள். 100 மீட்டர் தொலைவிலுள்ள பொருளிலிருந்து ஒளி திரும்ப ஏறத்தாழ 667 நானோ வினாடி ஆகும். நேரத்தை அளப்பதில் ஒரு நானோ வினாடி பிசகினால் தொலைவில் 15 செ.மீ. பிசகும். இதுவரை தெளிவுதான். ஆனால் விவரத்தாள்களைப் படிக்கும்போது குழப்பம் தொடங்குகிறது. ஓர் உணரிக்கு 200 மீட்டர் என்றும், அதே விலையிலுள்ள இன்னொன்றுக்கு 70 மீட்டர் என்றும், ரோபோக்களுக்காக விற்கப்படும் சுழலும் உணரிக்கு 12 மீட்டர் என்றும் போட்டிருக்கிறார்கள். கறுப்புத் தார்ப்பாய் போர்த்தி, பின்விளக்கு எரியாமல், இரவில் ஓரமாக நிற்கும் லாரியை இவற்றில் எது, எத்தனை மீட்டருக்கு முன்னால் காணும்? குவாரித் தூசியும் ஐப்பசி மழையும் அந்தத் தொலைவை எவ்வளவு குறைக்கும்? இந்த வேலைக்கு ரேடாரே போதும் என்று ஒரு சீனியர் சொல்கிறார், அது சரிதானா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் எங்களுக்கு மிகவும் உதவியாக இருக்கும்.


ஓசூர்_மின்னணுவியலார்

தம்பி, நல்ல கேள்வி. ஓசூர் சிப்காட்டில் வாகன மின்னணுச் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். 200 மீட்டர் என்ற எண்ணை முதலில் ஒதுக்கி வைத்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். '80 விழுக்காடு எதிரொளிப்புள்ள இலக்கு' என்று இருக்கும். அது வெள்ளைச் சுவர் போன்ற பரப்பு. வாகனத் துறையில் நாங்கள் பார்ப்பது 10 விழுக்காடு எதிரொளிப்புக்கான தொலைவை மட்டுமே, ஏனென்றால் கறுப்பு வண்ணக் காரும் டயரும் பழைய தார்ப்பாயும் அந்த அளவிலோ அதற்குக் கீழேயோதான் ஒளியைத் திருப்பித் தருகின்றன.

ஒளிக்கற்றையைவிடப் பெரிய பொருளாக இருந்தால், திரும்பிவரும் ஒளியின் அளவு தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். எதிரொளிப்பு 80 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாக, அதாவது எட்டில் ஒரு பங்காகக் குறைந்தால், எட்டின் வர்க்கமூலமான ஏறத்தாழ 2.8 மடங்கு தொலைவு குறையும். ஆக 200 மீட்டர் என்று விற்கப்படும் உணரி உங்கள் தார்ப்பாய் லாரியை 70 மீட்டர் அளவில்தான் காணும். நடைமுறையில் இந்த விகிதம் கருவிக்குக் கருவி மாறும், ஆனாலும் கணக்குப் போட இது போதும்.

இனி லாரி நிற்பதற்கு எவ்வளவு தூரம் வேண்டும் என்று பார்ப்போம். மணிக்கு 60 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 16.7 மீட்டர். எச்சரிக்கை ஒலி கேட்டு ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், அதற்குள்ளாகவே வண்டி 25 மீட்டர் போய்விடும். சமதளத்தில் வினாடிக்கு வினாடி 4 மீட்டர் வீதம் வேகம் குறையும் லாரி, 100 மீட்டருக்கு 5 மீட்டர் இறங்கும் சரிவில் 3.5 மீட்டர் வீதமே குறையும், மீதியைப் புவியீர்ப்பு தின்றுவிடும். அந்தக் கணக்கில் பிரேக் பிடித்த பிறகு 40 மீட்டர், மொத்தம் 65 மீட்டர். இது பிரேக் நன்றாக இருக்கும்போது. டிரம் சூடேறிப் பிரேக்கின் பிடி பாதியாகிவிட்டால், சரிவில் மிஞ்சுவது வினாடிக்கு வினாடி 1.5 மீட்டர்தான்; அப்போது மொத்தத் தூரம் 118 மீட்டர் ஆகிவிடுகிறது. பிரேக் நன்றாக உள்ள லாரியை உங்கள் 200 மீட்டர் உணரி 5 மீட்டர் இடைவெளியில் காப்பாற்றும். பிரேக் சூடேறிய லாரியைக் காப்பாற்றாது. தொப்பூரில் இறங்கும் லாரிகளில் எதைப் பற்றி நாம் கவலைப்படுகிறோம் என்பதை உங்கள் அப்பாவிடமே கேட்டுக்கொள்ளலாம்.

தொலைவோடு கதை முடியவில்லை. அந்தத் தொலைவில் இலக்கின்மீது எத்தனை புள்ளிகள் விழுகின்றன என்பதும் முக்கியம். 16 லேசர் கற்றைகளை மேலிருந்து கீழாக 30 டிகிரிக்குள் பரப்பும் உணரியில் இரண்டு கற்றைகளுக்கு நடுவே 2 டிகிரி இடைவெளி இருக்கும். 100 மீட்டரில் அது 3.5 மீட்டர். லாரியின் முழு உயரத்துக்கும் ஒரே ஒரு வரிதான் கிடைக்கும். 0.2 டிகிரி இடைவெளியுள்ள உணரியில் அதே உயரத்துக்குப் பத்து வரிகள் கிடைக்கும். ஒரு வரியை வைத்துக்கொண்டு லாரி என்றோ மேம்பாலச் சுவர் என்றோ நிரலால் முடிவுசெய்ய முடியாது. 12 மீட்டர் சுழலும் உணரியை மறந்துவிடுங்கள். அது அறைக்குள் ஓடும் ரோபோவுக்கானது, ஒரே தளத்தில் மட்டும் பார்ப்பது, வெயிலில் தடுமாறுவது.


பர்கூர்_சர்வேயர்

தூசியைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். கிருஷ்ணகிரி மாவட்டக் கிரானைட் குவாரிகளில், முக்காலியில் நிற்கும் லேசர் ஸ்கேனரை வைத்து வெட்டியெடுத்த பள்ளத்தின் கன அளவைக் கணக்கிடுவது என் தொழில். கார் லைடாரும் எங்கள் ஸ்கேனரும் ஒரே இயற்பியலில் வேலை செய்பவை. எங்களுடையது மெதுவாக, துல்லியமாக அளக்கும், அவ்வளவுதான்.

டம்பர் ஒன்று கடந்துபோன உடனே ஸ்கேன் செய்தால், திரையில் பாறை முகத்துக்கு முன்னால் வெற்றிடத்தில் புள்ளிகள் மேகமாக மிதக்கும். தூசியின் ஒவ்வொரு துகளும் ஒளியின் ஒரு சிறு பகுதியைத் திருப்பி அனுப்புவதால், அதையே பொருள் என்று கருவி எடுத்துக்கொள்கிறது. நல்ல உணரிகள் ஒரே துடிப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எதிரொலிகளை, அதாவது திரும்பிவரும் ஒளித் துடிப்புகளை, பதிவுசெய்யும். முதல் எதிரொலி தூசியிலிருந்தும் கடைசி எதிரொலி பாறையிலிருந்தும் வந்திருக்கும். கடைசியை மட்டும் எடுத்துக்கொண்டால் தூசி பெருமளவு மறைந்துவிடும். ஆகவே விவரத்தாளில் 'இரட்டை எதிரொலி' வசதி உண்டா என்று தவறாமல் பாருங்கள். ஆனால் தூசி அடர்த்தியாக இருந்தால் ஒளி பாறைவரை போவதே இல்லை. அப்போது எந்த நிரலும் உதவாது, காத்திருக்கத்தான் வேண்டும். குவாரியில் நான் காத்திருக்கலாம். நெடுஞ்சாலையில் ஓடும் லாரி காத்திருக்க முடியாது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது உணரியின் முன்கண்ணாடி. காற்றில் இருக்கும் தூசி சில நிமிடங்களில் அடங்கிவிடும், கண்ணாடியில் படிந்த தூசி துடைக்கும்வரை போகாது. எம்-சாண்ட் ஏற்றிய லாரிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் போனாலே, அதிலிருந்து சொட்டும் நீரும் மாவுத் தூசியும் சேர்ந்து கண்ணாடியில் சாம்பல் நிறத்தில் ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும். அந்தப் படலம் போகும் ஒளியையும் குறைக்கும், வரும் ஒளியையும் குறைக்கும். இரண்டு முறை நட்டம். காய்ந்த துணியால் துடைத்தால் கிரானைட் துகள் கண்ணாடியைக் கீறிவிடும், கீறல் விழுந்த கண்ணாடி பிறகு எப்போதும் ஒளியைச் சிதறடித்துக்கொண்டே இருக்கும். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, அதன்பின் மென்மையான துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். லாரியில் இதற்குச் சிறிய நீர்பீச்சி ஒன்றைப் பொருத்தாமல் உங்கள் கருவியை ஒரு பயணத்துக்குக்கூட நம்ப மாட்டேன்.

நம் மாவட்டச் சாலைகளுக்கே உரிய இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குவாரியிலிருந்து வெளியே போகும் கிரானைட் பிளாக் சொரசொரப்பாக, துளையிட்ட தழும்புகளோடு இருக்கும். நிறம் கறுப்பாக இருந்தாலும் ஒளியை நாலாபுறமும் சிதறவிடுவதால், கொஞ்சமாவது நம்மிடம் திரும்பி வரும். பாலிஷ் போட்ட ஸ்லாப்புகளை நிறுத்தி ஏற்றிப்போகும் வண்டி அப்படியல்ல. அந்தப் பளபளப்பான முகம் நேராக நம்மைப் பார்த்திருந்தால் எதிரொலி பலமாக வரும். சற்றே சாய்ந்திருந்தால் ஒளி முழுவதும் வேறு திசைக்குப் போய்விடும். போன ஒளி வேறொரு பொருளில் பட்டு அதே வழியாகத் திரும்பினால், ஸ்லாப்புக்குப் பின்னால் இல்லாத ஒரு பொருளைக் கருவி காட்டும். பாலிஷ் பட்டறை முற்றத்தில் ஸ்கேன் செய்யும்போதெல்லாம் இந்தப் போலிப் புள்ளிகளைக் கையால் நீக்குவதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது.


தொப்பூர்_வழி_ஓட்டுநர்

கணக்கெல்லாம் படித்தேன், தம்பி. தொப்பூர் இறக்கத்தைப் பல ஆண்டுகளாக ஏற்றிய வண்டியோடு கடந்துவருபவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

வண்டி பழுதாகி நின்றால் நாங்கள் முதலில் செய்வது, பின்னால் பத்திருபது அடி தள்ளிப் பெரிய கற்களை வரிசையாக வைப்பதும், ஓரத்து மரத்தில் ஒரு கிளையை ஒடித்து வண்டியின் பின்புறத்தில் செருகுவதும்தான். டேஞ்சர் லைட் எரிந்தால் நல்லது. பேட்டரி போய் நின்ற வண்டியில் அதுவும் எரியாது. பிறகு வண்டி சரியாகிப் புறப்படும்போது சிலர் கல்லை எடுத்துப்போடாமல் விட்டுவிடுகிறார்கள். இரவில் இரு சக்கர வாகனத்தில் வருகிறவர்களுக்கு அந்தக் கல்தான் எமன். நீங்கள் செய்யும் கருவி லாரியை மட்டும் பார்த்தால் போதாது, அந்தக் கல்லையும் பார்க்குமா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

இரண்டாவது, வளைவு. இறக்கத்தில் ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் தடுப்புச் சுவருமாக இருக்கும் இடங்களில், நின்ற வண்டி வளைவுக்கு அந்தப் பக்கத்தில் இருந்தால் எங்கள் கண்ணுக்குத் தெரியாது. ஒளியை வைத்துப் பார்க்கும் கருவிக்கு மட்டும் எப்படித் தெரியும்? ஓசூர் நண்பர் கேட்கும் 118 மீட்டர் நேர்ப்பார்வை அந்த வளைவுகளில் கிடைப்பதே அரிது.

மூன்றாவதாக, டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குகிற பழக்கம் இன்னும் ஒழியவில்லை. கீழ்க் கியரில், எக்ஸாஸ்ட் பிரேக்கோடு இறக்குகிறவருக்குப் பிரேக் சூடேறாது. உங்கள் எச்சரிக்கை ஒலி அவருக்குப் பயன்படும். நியூட்ரலில் வந்து பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கியவருக்கு, ஒலி கேட்கும் நேரத்தில் மிதிக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. உங்கள் முயற்சியைக் குறைத்துச் சொல்லவில்லை, தம்பி. வண்டிக்குள் வைக்கும் கருவி யாருக்கு உதவும் என்பதை இப்போதே யோசித்துவிட்டால் பின்னால் உழைப்பு வீணாகாது.


பாலக்கோடு_மாணவர்

மூவருக்கும் மிக்க நன்றி. ஐயா சொன்ன கல்லின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 30 செ.மீ. உயரமுள்ள கல்லின்மீது, 0.2 டிகிரி இடைவெளியுள்ள உணரியின் ஒரு கற்றையாவது நிச்சயம் விழ வேண்டுமானால், கல் ஏறத்தாழ 85 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு அப்பால் இரு கற்றைகளுக்கு நடுவே அது நழுவிவிட வாய்ப்பு உண்டு. ஒரு கற்றை விழுந்தாலும் அது தார்ச்சாலையா கல்லா என்று பிரிப்பது அடுத்த சிக்கல். வளைவுக்கு என்னிடம் விடையே இல்லை.

ரேடாரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அது தூசியில் வேலை செய்யும் என்றும் விலையும் குறைவு என்றும் சீனியர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். வளைவில் கம்பம் நட்டு, உணரியைச் சாலையோரத்தில் வைத்தால் என்ன என்றும் தோன்றுகிறது. அப்படிச் செய்தால் அது தானோட்டி வாகனத் தலைப்பிலிருந்து விலகிப்போகுமோ என்ற தயக்கமும் இருக்கிறது.


கிருஷ்ணகிரி_விரிவுரையாளர்

தலைப்பிலிருந்து விலகுகிறோமா என்ற தயக்கம் வேண்டாம். உங்கள் திட்டப்பணிக்கு அதுதான் சரியான வழி என்று நான் கருதுகிறேன். எதனால் என்பதை ரேடாரிலிருந்து தொடங்கிச் சொல்கிறேன்.

வாகன ரேடார் 77 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 4 மி.மீ. குவாரித் தூசித் துகளும் மூடுபனித் துளியும் அந்த அலைக்கு மிகச் சிறியவை என்பதால் அது தடையின்றிக் கடந்துபோகும். உங்கள் சீனியர் அந்த அளவில் சரியாகத்தான் சொல்கிறார். ரேடாரின் வலிமை ஓடும் வாகனங்களின் வேகத்தை நேரடியாக அளப்பதில் இருக்கிறது, பலவீனமோ நின்ற பொருளில் இருக்கிறது. வழக்கமான ரேடாருக்கு உயரத்தைப் பிரித்தறியும் திறன் மிகக் குறைவு. சாலைக்கு மேலே தொங்கும் வழிகாட்டிப் பலகையும், மேம்பாலமும், சாலையின் நடுவே நின்ற லாரியும் அதற்கு ஒன்றுபோலவே தெரியும். ஒவ்வொரு பலகைக்கும் பிரேக் போடாமலிருக்க, நின்ற பொருள்களிலிருந்து வரும் எதிரொலிகளைப் பல அமைப்புகள் வடிகட்டிவிடுகின்றன. நீங்கள் தேடுவதே நின்ற லாரி என்னும்போது, ரேடாரை மட்டும் நம்புவது பொருந்தாது. உயரத்தையும் அளக்கும் புதிய படிம ரேடார்கள் இந்தக் குறையைப் பெரிதும் போக்குகின்றன, ஆனால் அவை மாணவர் திட்டப்பணிக்கு எளிதில் கிடைப்பவை அல்ல.

லைடாரின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. தனக்கு முன்னால் இருப்பது இன்னதென்று தெரியாமலேயே, அங்கே பருமனுள்ள ஏதோ ஒன்று இருக்கிறது என்று அதனால் சொல்ல முடியும். கேமராவைக் கொண்டு அறியும் நிரலுக்கு ஒவ்வொரு பொருளையும் முன்கூட்டியே காட்டிப் பழக்க வேண்டும். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் பதிவுசெய்து 2012-ல் வெளியான கிட்டி தரவுத் தொகுப்பை உலகெங்கும் மாணவர்கள் பயன்படுத்துகிறார்கள். அதில் கார், வேன், லாரி, பாதசாரி, சைக்கிளோட்டி, டிராம் ஆகிய வகைகள் உண்டு. பாலக்கோடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றி, இருபுறமும் கரும்பு நீட்டிக்கொண்டிருக்க, விளக்கில்லாமல் போகும் டிராக்டர் அதில் இல்லை. சானமாவு காட்டிலிருந்து இறங்கிவரும் யானையும் இல்லை. லைடாரின் புள்ளிகளுக்கு அந்தப் பெயர்கள் தேவைப்படுவதில்லை. நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பு எவ்வளவு தூரம் சாலைக்குள் வந்திருக்கிறது என்பதைக்கூட அவை காட்டிவிடும். பாதுகாப்பை முதன்மையாகக் கருதும் வடிவமைப்பாளர்கள் லைடாரை விட மனமில்லாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

விலையும் பழைய நிலையில் இல்லை. 2005-ல் அமெரிக்கப் பாலைவனத்தில் நடந்த தானோட்டி வாகனப் போட்டியில் வென்ற ஸ்டான்லி என்ற வாகனம், ஒரே தளத்தில் பார்க்கும் 5 லேசர் உணரிகளைக் கூரையில் சுமந்துகொண்டு ஓடியது. 2007-ல் நடந்த நகர்ப்புறப் போட்டியை முடித்த 6 அணிகளில் 5 அணிகள் வெலோடைன் நிறுவனத்தின் 64 கற்றைச் சுழல் உணரியைப் பயன்படுத்தின; அந்த உணரியின் விலை 75,000 டாலர் அளவில் இருந்தது. 2017-ல் ஆடி ஏ8 காரில் வேலியோ நிறுவனத்தின் 4 அடுக்கு லைடார் இடம்பெற்றபோது, தொழிற்சாலையில் மொத்தமாகத் தயாராகும் காருக்குள் இந்தத் தொழில்நுட்பம் நுழைந்தது. இன்று கார் நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் உணரிகளின் விலை சில நூறு டாலருக்கு இறங்கிவிட்டது, சில்லறையில் ஒன்று வாங்கும் நமக்கு அந்த விலை கிடைக்காவிட்டாலும்.

இப்போது சாலையோரக் கம்பத்துக்கு வருகிறேன். லாரியின்மீது பொருத்திய உணரிக்கு ஒரு பார்வைக்கு, அதாவது எதிரே உள்ள காட்சி முழுவதையும் ஒருமுறை அளக்க, வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்தான் கிடைக்கிறது. அதற்குள் வண்டி குதிக்கிறது, முகப்பு மேலும் கீழும் ஆடுகிறது, காட்சியே மாறிவிடுகிறது. கம்பத்தின்மீது அசையாமல் நிற்கும் உணரிக்கு எதிரே உள்ள காட்சி எப்போதும் ஒன்றே. வெறும் சாலையை ஒருமுறை பதிவுசெய்துவிட்டால், அதில் புதிதாக முளைக்கும் எதையும் கழித்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். நின்றுபோன லாரியும் அசையாமல் நிற்பதால், பல பார்வைகளின் அளவீடுகளைச் சேர்த்துச் சராசரி எடுக்கலாம்; 100 பார்வைகளைச் சேர்த்தால் இரைச்சலுக்கு எதிரான குறிகையின் பலம் ஏறத்தாழ 10 மடங்கு உயரும். கறுப்புத் தார்ப்பாயிலிருந்து வரும் மெல்லிய எதிரொலியும் அப்போது மேலெழுந்துவிடும். ஓட்டுநர் ஐயா சொன்ன கல்லும்கூட அகப்படும்.

தொலைவும் மிகவும் குறைந்துவிடுகிறது. வளைவின் உட்புறத்தில் சரியான இடத்தில் கம்பம் இருந்தால், இரு பக்கமும் 40 மீட்டர் பார்த்தாலே 80 மீட்டர் சாலை கண்காணிப்புக்குள் வந்துவிடும். 10 விழுக்காடு எதிரொளிப்புக்கு 40 மீட்டர் என்று உறுதியளிக்கும் உணரிகள் ரோபோ ஆய்வுக்கென்றே விற்கப்படுகின்றன. அவற்றைத் துறை வழியாக வாங்கிக் கொடுக்கும் கல்லூரிகளும் உண்டு. பத்து வினாடிக்கு மேல் ஒரு பொருள் வண்டிகள் ஓடும் தடத்தில் அசையாமல் இருந்தால், மேட்டில், வளைவு தொடங்குவதற்கு வெகு முன்பே நிற்கும் பலகையில் எச்சரிக்கை எரிய வேண்டும். நியூட்ரலில் இறங்குகிறவருக்கும் பிரேக் சூடேறுவதற்கு முன்பே செய்தி போய்ச் சேரும்.

நெடுஞ்சாலையோரத்தில் நீங்களாகக் கம்பம் நட முடியாது, அதற்கு முறையான அனுமதி வேண்டும். முதல் கட்டத்தைக் கல்லூரி வளாகத்தில், வளைவுள்ள ஓர் உட்சாலையில் நடத்துங்கள். அங்கே கிடைக்கும் முடிவுகளை வைத்துக்கொண்டு பிறகு அனுமதி கேட்பது எளிது.


ஓசூர்_மின்னணுவியலார்

விரிவுரையாளர் ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். உணரியை வாங்கும்போது அலைநீளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். குறைந்த விலையில் கிடைப்பவை பெரும்பாலும் 905 நானோமீட்டர். அவற்றுக்குச் சிலிக்கான் உணர்பகுதியே போதும் என்பதால் விலை குறைகிறது. 1550 நானோமீட்டர் ஒளியைக் கண்ணின் முன்பகுதியிலுள்ள நீரே விழுங்கிவிடும், விழித்திரைவரை அது போகாது; ஆகவே அதில் அதிக ஆற்றலைச் செலுத்தித் தொலைவைக் கூட்ட முடிகிறது. ஆனால் நீர் விழுங்கும் அதே குணத்தால், மழையில் நனைந்த பரப்பு அந்த அலைநீளத்தில் மேலும் இருண்டுபோகிறது. உங்களுக்கு 40 மீட்டரே போதும் என்பதால் 905 வாங்குவதே சரி.

கம்பத்தின்மீது வைத்தாலும் மக்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். ஐஇசி 60825-1 தரத்தின்படி 'வகுப்பு 1' என்று சான்று பெற்ற முழு உணரியை மட்டுமே வாங்குங்கள். தனியாகத் துடிப்பு டையோடை வாங்கி நீங்களே சுற்று அமைக்க முயல வேண்டாம். 905 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ஒளிக்கு இமை தானாக மூடாது. விழித்திரை பாதிக்கப்பட்டால் அதைத் திரும்பப் பெற வழியில்லை.

ஓட்டுநர் ஐயா சொன்ன மரக்கிளையைப் பற்றியும் ஒரு செய்தி. பச்சை இலை நம் கண்ணுக்கு இருளில் தெரியாது. ஆனால் 905 நானோமீட்டர் ஒளியில் ஏறத்தாழப் பாதியை அது திருப்பி அனுப்பிவிடும். தார்ப்பாய் தராத எதிரொலியை அந்தக் கிளை தந்துவிடும். அதைவிட மேலானது லாரியின் பின்புறத்தில் ஒட்டும் சிவப்பு ஒளிர்பட்டை. அது ஒளியை வந்த திசைக்கே திருப்புவதால் எதிரொலி பல மடங்கு பலமாக வரும். அதன்மேல் படிந்த சேற்றைத் துடைத்து வைத்தால் கருவியும் காணும், பின்னால் வரும் ஓட்டுநரும் காண்பார்.


தொப்பூர்_வழி_ஓட்டுநர்

மேட்டிலேயே பலகை எரியும் என்றால் அதை நான் மனமார வரவேற்கிறேன். பலகையில் பொதுவாக 'எச்சரிக்கை' என்று போட வேண்டாம். அப்படிப்பட்ட பலகைகளை வழிநெடுகப் பார்த்துப் பழகிவிட்டோம். 'வளைவில் வண்டி நிற்கிறது' என்று தமிழிலும், வடக்கேயிருந்து வரும் ஓட்டுநர்களுக்காக இந்தியிலும், அதோடு லாரியின் படமாகவும் காட்டுங்கள். வண்டி நகர்ந்தவுடன் எழுத்து அணைந்துவிட வேண்டும். இல்லாத வண்டிக்காக இரண்டு முறை பலகை எரிந்தால், மூன்றாம் முறை யாரும் மதிக்க மாட்டார்கள்.


பாலக்கோடு_மாணவர்

எங்கள் குழுவில் பேசி, உணரியைச் சாலையோரத்தில் வைப்பது என்று முடிவுசெய்துவிட்டோம். வழிகாட்டிப் பேராசிரியரும் ஒப்புக்கொண்டார். சர்வேயர் ஐயா, வளாகத்தில் சோதனையை எப்படி அமைத்தால் முடிவு நம்பத்தக்கதாக இருக்கும்?


பர்கூர்_சர்வேயர்

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் ஒட்டுப்பலகைகள் தயார்செய்யுங்கள். ஒன்றில் பழைய கறுப்புத் தார்ப்பாய், ஒன்றில் வெள்ளைச் சுண்ணாம்பு, ஒன்றில் ஒளிர்பட்டை, ஒன்றில் பச்சைக் கிளை. பாலிஷ் பட்டறையில் கழிவாகக் கிடக்கும் கறுப்புக் கிரானைட் துண்டு ஒன்றும், சொரசொரப்பான துண்டு ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், கேட்டால் கொடுப்பார்கள். தார்ப்பாய் புதியதாக இருக்கக் கூடாது, சாலையில் ஓடித் தேய்ந்ததாக இருக்க வேண்டும், அது உங்கள் வீட்டிலேயே கிடைக்கும்.

ஒவ்வொன்றையும் 10 மீட்டருக்கு ஓர் இடமாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் 100 பார்வைகளைப் பதிவுசெய்து, அவற்றில் எத்தனை பார்வைகளில் பலகை அகப்பட்டது என்று எண்ணுங்கள். 100-க்கு 90 பார்வைகளில் அகப்படும் கடைசித் தொலைவுதான் அந்தப் பொருளுக்கான உண்மையான தொலைவு. ஒரே ஒருமுறை அகப்பட்டதைப் பெருந்தொலைவு என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். தொலைவைப் படிகளால் அளக்காமல் நாடாவால் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டுவையுங்கள்.

இதே சோதனையை நண்பகல் வெயிலிலும் இரவிலும் தனித்தனியாக நடத்துங்கள்; வெயிலில் சூரிய ஒளியின் இரைச்சல் கூடும் என்பதால் இரண்டு எண்களும் வேறுபடும், அறிக்கையில் இரண்டையும் தர வேண்டும். பலகைகளை நனைத்து ஒருமுறையும், உணரியின் கண்ணாடியில் எம்-சாண்ட் மாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்துக் காயவைத்து ஒருமுறையும் செய்யுங்கள். கண்ணாடி சோதனையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், உடனே துடைக்காதீர்கள்.